குடம் இறக்கிய இடங்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு மதுரையில் கம்பம் பஸ்ஸில் ஏறினேன். ஏறினேன் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டேன். நடந்தது அவ்வளவு சுருக்கமாக இல்லை. முதல் படி என் முழங்காலுக்கு நேரே இருந்தது. ஒரு கையில் தோல்பை, மறு கையில் குடை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் காத்திருந்தார்.

"மெதுவா ஏறுங்க சார், வண்டி எங்கயும் போயிறாது" என்றார்.

"அவரு ஏறுனாத்தானய்யா அது போகும்" என்றது எனக்குப் பின்னால் ஒரு குரல்.

நான் மதுரையில் ஒரு வாரப் பத்திரிகைக்கு ஊர் சுற்றி எழுதுகிறவன். கம்பத்தில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று நடத்தும் டாக்டரம்மா எங்கள் ஆசிரியருக்குக் கடிதம் போட்டிருந்தார். இதய நோய் உள்ள பெண்களையே கூட்டிவைத்துப் பயிற்சி கொடுக்கிறாராம். அவர்கள் தங்கள் ஊரில் அதே நோய் உள்ளவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பார்களாம். ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் கூடவே போவார்களாம். நோயாளிக்கு வாய் எழும்பாத இடத்தில் இவர்கள் பேசுவார்களாம். வந்து பார்த்து எழுத முடியுமா என்று கேட்டிருந்தார். ஆசிரியர் அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் மேஜையருகே வந்து நின்றார். "நீர் போம். உம்மைக் கண்டால் அவர்களுக்கே ஓர் அக்கறை வரும்." எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. எடையை எழுதப்போவதில்லை. தூரத்தையும் டிக்கெட்டையும் சரியாக எழுதுகிறேன், அதோடு விட்டுவிடுங்கள்.

மதுரையிலிருந்து தேனி எழுபத்தாறு கிலோமீட்டர். அங்கிருந்து கம்பம் சுமார் நாற்பது. டிக்கெட் ஆறு ரூபாய் பத்து காசு. உசிலம்பட்டி வரை வெயிலும் புழுதியும். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் ஜன்னல் வழியே வேறு காற்று வந்தது. தேனியில் எட்டரைக்குப் பதினைந்து நிமிஷம் நின்றது. ஆறு இட்லி சாப்பிட அது போதுமா என்று யாரும் கேட்கவில்லை, போதும். வீரபாண்டியில் முல்லையாறு கூடவே வந்தது. சின்னமனூரில் நாற்று நடவு. உத்தமபாளையத்தில் பாதி பஸ் இறங்க, மீதி பஸ் அளவுக்குச் சாக்கு மூட்டைகள் ஏறின. கம்பத்தில் இறங்கும்போது மணி பத்து இருபது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரி அரைக் கிலோமீட்டர். எமர்ஜென்சி முடிந்து இரண்டு வருஷமாகியும் சுவர்களில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் அழியாமல் இருந்தது. வழியில் மூன்று இடத்தில் பையைக் கீழே வைத்து நின்று பார்த்தேன். ஒரு நிருபருக்குச் சுற்றுப்புறத்தைக் கவனிப்பது கடமை.

ஓடு வேய்ந்த கூடத்தில் எட்டுப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் உத்தமபாளையத்து ஜெய்த்தூன் பீவி ஆரம்பித்துவிட்டார். ஐம்பதைத் தொட்ட அம்மாள்; முக்காட்டுக்குள்ளிருந்து கண்கள் மட்டும் சிரித்தன.

"சாரு வர்ற வழியில மூணு இடத்துல பையை எறக்குனாக. சைக்கிள் கடை, மாவு மில்லு, வேப்பமரம். நான் பின்னாடியே வந்து, வேப்பமரத்துக்கிட்ட உங்களைத் தாண்டித்தான் வந்தேன்."

"சுவரில் எழுதியிருந்ததைப் படித்தேன்" என்றேன்.

"மூணு எடத்துலயும் ஒரே முக்கோணந்தான எழுதியிருக்கு?" என்று கேட்டார் பக்கத்திலிருந்த மெலிந்த பெண். "அதை மூணு தடவையா படிச்சீக?"

"இந்த வயசுலயா சார்?" என்றார் ஜெய்த்தூன் பீவி.

கூடம் முழுக்கச் சிரித்தது. முக்கோணக் கேள்வி கேட்டவர் பெயர் ராஜாமணி. காமயகவுண்டன்பட்டிக்காரர், முப்பத்தாறு வயது, திராட்சைத் தோட்டத்தில் வேலை. இந்தக் கட்டுரையில் நீங்கள் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியவர் அவர்தான்.

அன்று மதியம் பாடம் நடந்தது. இதயத்தைக் கரும்பலகையில் வரைந்துவிட்டு டாக்டரம்மா ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். விளக்கியது ராஜாமணி, கேட்டவன் நான்.

"நாலு ரூம்பு வீடு சார். நடுவுல கதவு. சின்ன வயசுல தொண்டை வலி வரும், காச்சல் அடிக்கும், முழங்காலு வீங்கும், அது வத்துனா முழங்கை வீங்கும். பத்து நாள்ல தானாப் போயிரும். போகும்போது நெஞ்சுக் கதவைக் கெடுத்துட்டுப் போயிரும். கதவு ஒட்டிக்கிட்டா ரத்தம் போக வழியில்லாம நெஞ்சுல தண்ணி கட்டும். எனக்கு மதுரையில விலாவுல கீறி, டாக்டரு ஒத்தை விரலை உள்ள விட்டுக் கதவைத் தொறந்து விட்டாக. எட்டு வருசம் ஆச்சு. மூணு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, விடாமப் போடுறேன்."

ஒரு விரலை நீட்டிக் காட்டினார். அந்த விரலைப் பார்த்துக்கொண்டே நான் என் நோட்டை மூடிவிட்டேன்.

பிறகு டாக்டரம்மா தன் கதையைத் தானே சொன்னார். பயிற்சி தொடங்கிய புதிதில் வீடு வீடாகக் கேட்க ஒரு கேள்வித்தாள் அச்சடித்திருந்தார். முதல் கேள்வி: 'மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா?' எட்டுப் பேரும் தெருத் தெருவாகக் கேட்டுவிட்டு வந்தார்கள். எல்லாத் தாளிலும் 'இல்லை'. இந்தப் பள்ளத்தாக்கில் நோயே கிடையாது போல என்று டாக்டரம்மாவுக்கு ஒரு நாள் முழுக்கச் சந்தோஷம்.

"மாடி இருந்தால்தானே ஏறுவார்கள்! எனக்கு அது தோன்றவே இல்லை, பாருங்கள்" என்றார். சென்னையில் மூன்றாம் மாடியில் வளர்ந்தவர்.

"நாங்க எங்கன போயி ஏறுறது? திராட்சைப் பந்தக்கால்லயா?" என்றார் ராஜாமணி.

அப்புறம் கேள்வியை மாற்றினார்கள். அடிகுழாயிலிருந்து வீடு வருவதற்குள் எத்தனை தடவை குடத்தை இறக்குவீர்கள்? நல்ல கேள்விதான். ஆனால் வீட்டில் மாமியார் பக்கத்தில் நிற்கும்போது எந்த மருமகள் உண்மையைச் சொல்வாள்? மறுபடியும் எல்லோரும் 'இறக்குவதே இல்லை'. கடைசியில் வழி கண்டுபிடித்தது ராஜாமணி. கேட்பதையே விட்டுவிட்டார். விடிந்ததும் அடிகுழாயடிக்குப் போய்ப் புழுதியைப் பார்த்தார். குடம் வழிய வழிய வரும். தரையில் வைத்தால் அடிவிளிம்பு ஈரமாக ஒரு வட்டம் போடும். வட்டத்தை எண்ணினால் போதும், யார் வாயையும் கிண்ட வேண்டாம்.

புதன்கிழமை காலை, ஆபீசில் பேசும் பயிற்சி. என்னைக் குமாஸ்தாவாக மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். 'ஊசி மருந்து தீர்ந்துபோச்சு, அடுத்த வாரம் வா' என்று மட்டும் சொல்ல வேண்டும். வேறு வசனம் கிடையாது. முதல் ஆளாக வந்தவர் ஜெய்த்தூன் பீவி.

"தீந்துபோச்சுன்னா சரிங்க. அதை ஒரு காயிதத்துல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"எதற்கு?"

"அடுத்த வாரம் நெஞ்சு நின்னு போச்சுன்னா, எதனால நின்னுச்சுன்னு யாராச்சும் கேப்பாகள்ல? காட்டணும்ல?"

நான் வசனத்தை மறந்து, "இருங்கம்மா, உள்ளே பார்க்கிறேன்" என்றேன். மொத்தம் எட்டுப் பேர் வந்தார்கள். எட்டுப் பேருக்கும் ஊசி கொடுத்துவிட்டேன். டாக்டரம்மா என்னை வேலையிலிருந்து நீக்கினார்.

சாப்பாட்டு நேரத்தில் ராஜாமணி மட்டும் இலையைத் தொடாமல் இருந்தார். விசாரித்தேன். அவர் தெருவில் செல்வராணி என்று ஒரு பெண். பத்தொன்பது வயது, மார்க்கையன்கோட்டையிலிருந்து கட்டிக்கொடுத்து எட்டு மாதம், வயிற்றில் ஐந்து மாதம். தோட்டத்தில் திராட்சைக் கொத்துகளில் நெருங்கிய காய்களைக் கத்தரித்துவிட வேண்டும்; நாள் முழுக்கக் கையைத் தலைக்கு மேல் தூக்கியே வேலை. இந்தப் பெண் பத்துக் கொத்துக்கு ஒரு தரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். மத்தியானம் மற்றவர்கள் சாய்ந்து படுக்கும்போது இவள் பந்தக்காலில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறாள்.

"படுத்தா மூச்சு முட்டும் சார். நானும் அப்படித்தான் தூங்குனேன். ரெண்டு தடவை வீட்டுக்குப் போனேன். 'எனக்கு ஒண்ணும் இல்லக்கா'ங்குறா. மாமியாக்காரிக்கு முன்னாடி பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறா."

டாக்டரம்மா விளக்கினார். கதவு அடைத்த நெஞ்சு, பிள்ளை வளர வளர இரட்டைப் பாரம் இழுக்க வேண்டும். இப்போதே கண்டுபிடித்தால் ஆபரேஷன் செய்யலாம், ஐந்தாம் மாதம் தோதான நேரம். விட்டுவிட்டால் பிரசவத்தில் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம்.

"அது அவளுக்கும் தெரியும்னு நெனைக்கிறேன். சாவுக்குப் பயப்படல அவ. சீக்குக்காரின்னு தெரிஞ்சா மார்க்கையன்கோட்டைக்கு வண்டி ஏத்தி விட்டுருவாகன்னுதான் பயப்படுறா" என்றார் ராஜாமணி.

வியாழக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு டாக்டரம்மாவின் ஜீப்பில் காமயகவுண்டன்பட்டி போய்ச் சேர்ந்தோம். கம்பத்திலிருந்து ஆறு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் வந்தால் முப்பத்தைந்து காசு. டாக்டரம்மா ஊர் எல்லையிலேயே ஜீப்புக்குள் இருந்துகொண்டார். வெள்ளைக் கோட்டைக் கண்டால் கதவுகள் சாத்திக்கொள்ளுமாம். என்னைக் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். "திராட்சை யாவாரின்னு நெனைப்பாக" என்றார் ராஜாமணி. வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன், அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மலைக்கு மேல் வெளிச்சம் வந்திருந்தது, வெயில் இன்னும் இறங்கவில்லை. அடிகுழாயடியில் ஆள் இல்லை. செல்வராணி எல்லோருக்கும் முன்னால், தனியாக வந்து தண்ணீர் எடுத்துப் போய்விடுவாள். நின்று நின்று நடப்பதை யாரும் பார்க்கக்கூடாதே. அதனாலேயே தெருப் புழுதியில் அந்த நேரத்தில் அவள் தடம் மட்டும்தான் இருந்தது.

முதல் வட்டம் அடிகுழாயிலிருந்து இருபதடியில். அடுத்தது கல்தூண் அருகே. மூன்றாவது, நான்காவது. ராஜாமணி பேசாமல் விரலை மடக்கிக்கொண்டே நடந்தார். வீடு இருநூறு கஜம் இருக்கும். வாசற்படி வருவதற்குள் ஏழு வட்டம். கடைசி இரண்டுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை.

வாசலில் மாமியார் காமுத்தாய் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றார். ஐம்பத்தைந்து வயது, நேர் முதுகு.

"என்னாத்தா ராசாமணி, காலங்காத்தால? யாரு இவரு?"

"விருந்தாளி சின்னாத்தா. கோலம் அப்புறம் போடலாம். எங்கூட அடிகுழா வரைக்கும் நடங்க."

"எனக்குச் சீக்கும் கிடையாது, உங்க ஊசியும் வேணாம்."

"உங்களுக்கு இல்லன்னு எனக்குத் தெரியும். நடங்க."

எதற்கு என்று புரியாமலே அவர் நடந்தார். ஒவ்வொரு வட்டத்திலும் ராஜாமணி நின்று விரலால் காட்டினார். மூன்றாவதில் காமுத்தாய்க்குப் புரிந்துவிட்டது.

"இவ எறக்கி வச்சதா? கழுதை. எவகூடயாச்சும் வாயடிக்கத்தான் எறக்கியிருப்பா."

"எவகூட? இந்நேரத்துக்குத் தெருவுல காக்கா கூட இல்ல. இந்த ரெண்டு வட்டத்துக்கு நடுவுல ஒரு வாசலு இருக்கா, பாருங்க."

காமுத்தாய் தெருவின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"எம் மாமியாரும் என்னையச் சோம்பேறின்னுதான் சொன்னாக சின்னாத்தா. மூணு வருசம் சொன்னாக. அதுல ஒரு பிள்ளை போச்சு. உங்களுக்கே தெரியும், நீங்கதான் அன்னைக்கு எனக்கு வெந்நி வச்சுக் குடுத்தீக."

"அப்ப இவளை அவுக வீட்டுல கொண்டுபோயி விட்டுட்டு வைத்தியம் பாக்கச் சொல்றேன்."

"அங்கனயும் குடம் இருக்குல்ல சின்னாத்தா."

காமுத்தாய் குனிந்து அந்த ஈர வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். விடுவிடுவென்று வீட்டுக்குப் போனார். மருமகள் கொண்டுவந்த குடத்தைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, காலிக் குடத்தோடு திரும்பி வந்தார். குழாயை அடித்தார். விளிம்பு வரை நிரப்பினார். இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். நான் பாதி வழியில் பின்தங்கினேன். ஒரு வட்டத்திலும் நிற்காமல் வாசற்படிவரை போய்க் குடத்தை இறக்கினார். தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு செல்வராணி நின்றிருந்தாள். உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது.

"நான் கெழவி, ஒரே மூச்சுல வந்துட்டேன். இவ பத்தொம்பது." யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. பிறகு ராஜாமணியிடம் திரும்பினார். "டாக்டரம்மா எங்கன இருக்காக?"

ஜீப் வந்தது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரம்மா குழல் வைத்துப் பார்த்தார். வெளியே வந்து, ராஜாமணி சந்தேகப்பட்டதுதான், நெஞ்சுக் கதவு நன்றாக ஒட்டியிருக்கிறது என்றார். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அங்கேயே ஜீப்பின் மூக்கில் காகிதத்தை வைத்துக் கடிதம் எழுதினார். செல்வராணியின் புருஷன் தலைச்சுமையோடு தோட்டத்திலிருந்து வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் அவள் துணிகளை மூட்டை கட்டி வைத்தான். அன்று திராட்சை லாரி ஏற்ற வேண்டிய நாள். அதனால் அவன் சனிக்கிழமை வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. காமுத்தாய் எனக்கும் ஒரு கூடைப் பன்னீர்த் திராட்சை கொடுத்தார். "யாவாரின்னு நெனைச்சுத்தான் பறிக்கச் சொன்னேன். பரவாயில்ல, கொண்டு போங்க தம்பி."

கிளம்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்களும் மதுரையில் ஒரு தடவை காட்டிவிடுங்கள்" என்றார். கட்டுரை முடிந்ததும் காட்டுகிறேன் என்றேன். நான் கட்டுரையை எத்தனை நாளில் முடிப்பேன் என்று எங்கள் ஆசிரியருக்குத் தெரியும், டாக்டரம்மாவுக்குத் தெரியாது.

கம்பத்தில் பதினொன்று ஐந்து பஸ். ஜன்னலோரம் செல்வராணி, பக்கத்தில் ராஜாமணி, முன் சீட்டில் காமுத்தாய், அவருக்கு எதிர்ப்புறம் நானும் கூடையும். உத்தமபாளையம் தாண்டியதும் நான் ஒரு வேடிக்கை சொன்னேன். கண்டக்டர்கூடச் சிரிக்கவில்லை. சின்னமனூரில் மார்க்கையன்கோட்டைக்குப் பிரியும் ரோடு வந்தபோது செல்வராணி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் குரலை அப்போதுதான் முதல் தடவை கேட்டேன்.

"ஆஸ்பத்திரியிலயே என்னைய விட்டுட்டு வந்துருவாகளா அக்கா?"

கேட்டது ராஜாமணியிடம். பதில் முன் சீட்டிலிருந்து வந்தது.

"விட்டுட்டு வர்றதுக்கா ஏந்தோட்டத்து வேலையைப் போட்டுட்டு நானும் ஏறியிருக்கேன்? வாயை மூடிக்கிட்டுச் சாஞ்சு உக்காருடி."

அவள் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மதுரை சேரும்போது மணி மூன்று. ஆஸ்பத்திரி வாசல்வரை நானும் போனேன். உள்ளே வார்டுக்கு நீளமான நடை. செல்வராணியின் வயர்கூடையையும் துணிமூட்டையையும் காமுத்தாய்தான் தூக்கிக்கொண்டார். முப்பதடி போனதும் இரண்டையும் தரையில் வைத்துவிட்டு, "கை வலிக்குது, செத்த நில்லு" என்றார். இரண்டு பேரும் நின்றார்கள். இன்னொரு முப்பதடியில் மறுபடியும். காலையில் இருநூறு கஜம் நிறைகுடத்தை ஒரே மூச்சில் சுமந்த கைக்கு ஒரு துணிமூட்டை கனக்குமா? ராஜாமணி என்னைத் திரும்பிப் பார்த்தார். எதுவும் சொல்லாதீர்கள் என்பதுபோல் விரலை உதட்டில் வைத்தார்.

என் வீடு பஸ் நிறுத்தத்திலிருந்து முந்நூறு கஜம். கூடையை வீட்டில் வைத்ததும் என் மனைவி ஒரு திராட்சையைக்கூட எடுக்காமல் தரையில் ஒழுகிய தடத்தைப் பிடித்துத் தெருவில் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கம்பத்திலிருந்து குலுங்கி வந்ததில் அடிப்பழங்கள் நசுங்கி, கூடை ஒழுகியிருந்தது.

"தபால் பெட்டிகிட்ட ஒண்ணு. லாண்டரி வாசல்ல ஒண்ணு. எதிர்வீட்டுக் கல்லு மேல ஒண்ணு. நம்ம கேட்டுல ஒண்ணு. நாலு எடத்துல ஊதா வட்டமா இருக்கே, என்னங்க இது?"

அன்று காலையில்தான் அடுத்தவர் தெருவில் வட்டம் எண்ணிவிட்டு வந்தவன் நான். இருபது வருஷமாக நடக்கிற என் தெருவில் அந்த நான்கு இடங்களிலும் நான் எப்போதும் நிற்பது உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. தபால் பெட்டியில் நேரம் பார்ப்பதாகவும், லாண்டரிக்காரரிடம் சௌக்கியம் விசாரிப்பதாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன். சுவரில் எழுதியிருந்ததைப் படித்தேன் என்று மனைவியிடம் சொல்லவும் முடியவில்லை. கம்பத்துக் கதை முழுவதையும் சொன்னேன். "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

செல்வராணிக்குப் பதினோராம் நாள் ஆபரேஷன் நடந்தது, நன்றாக நடந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களைக் காக்கவைத்துக் கதை சொல்லும் திறமை எனக்கில்லை. ஆனால் நான் எழுத நினைப்பது ஊர் திரும்பிய மறுநாள், வெள்ளிக்கிழமைக் காலை ஏழரை மணி.

அதே பெரிய ஆஸ்பத்திரியில், புற நோயாளிகள் வரிசையில் எனக்கு முன்னால் இருபது பேர். காமுத்தாய் தூக்குச்சட்டியில் பால் வாங்கிக்கொண்டு அந்த வழியே வந்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

"என்ன தம்பி, எழுத வந்தீகளா?"

"இல்லைம்மா. காட்ட வந்தேன்."

என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். "ராத்திரி அவ தூங்குனா தம்பி. கட்டில்ல தலைமாட்டைத் தூக்கி வச்சுட்டாக. ஊசி போட்டாக. கல்யாணம் ஆயி வந்ததுல இருந்து இப்பத்தான் அவ தூங்கி நான் பாக்குறேன்." தூக்குச்சட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "திராட்சை நல்லா இருந்துச்சா?"

"பாதி வழியில் ஒழுகிவிட்டது. இறக்கி வைத்த இடமெல்லாம் வட்டம்."

"எத்தனை?"

"நாலு."

"எங்க பிள்ளைக்கு ஏழு" என்றார் காமுத்தாய். "உங்களுக்கு லேசாத்தான் இருக்கும். சுவத்துல என்னமோ எழுதியிருக்குன்னு நகந்து போயிறாம வரிசையில நில்லுங்க."

ராஜாமணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறார். நின்றேன்.